பச்சை ஆலத்தி

கங்காணி காளியப்பன் என் வீட்டுக்கு ஓடி வந்தபோது நான் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் தனலெட்சுமியின் கல்யாணத்துக்குப் போகத்தான் சட்டை. போகாமல் இருக்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி சந்திரமதி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. மேளச் சத்தம் கேட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பார்க்கிறவர்கள் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதுதான் சங்கடம்.

“கிராணி ஐயா, அந்தச் சிவப்புத் தண்ணி போத்தல் எங்க?”

“அது பச்சைத் தண்ணி.”

“நேத்து சன்னல்ல ரத்தம் மாதிரி இருந்திச்சே!”

இரண்டும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை நான் கணக்கெழுதும் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கிடையாது. அன்று மரவள்ளி இலையை அரைத்து, காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் ஸ்டானிஸ்லாஸ் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து தரும் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுவேன். மலாயாவுக்கு வருமுன் மதராஸில் தாவரவியல் படித்ததில் மிச்சம் இந்தப் பழக்கம்தான். சாறு நிழலில் பாசிப் பச்சை. வெயிலில் வைத்து, வெயில் படும் பக்கத்திலிருந்தே பார்த்தால் சிவப்பாக ஒளிரும்.

முந்தின நாள் காளியப்பன் காரணம் கேட்டிருந்தார். இலையின் பச்சையம் வெளிச்சத்தை வாங்குகிறது என்றேன். இலைக்குள் அந்தப் பச்சையத் துகள்கள் நெருக்கமாக நிற்கும். ஒன்று வாங்கியதைப் பக்கத்தில் நிற்பதற்குத் தள்ளிவிடும், அது அடுத்ததற்கு. கடைசியில் சர்க்கரைக்கு வழி செய்கிற இடத்துக்குப் போய்ச் சேரும். நம் ஆட்கள் ரப்பர் பால் வாளியைக் கைமாற்றி லாரியில் ஏற்றுவதுபோல. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி. வாங்கியதைக் கொடுக்க ஆள் இல்லை. வைத்துக்கொள்ளவும் முடியாது. சிவப்பு வெளிச்சமாகவும் சூடாகவும் கொட்டிவிடும்.

“வாளிய கீழ கொட்டுற ஆளுங்களா?” என்றார் காளியப்பன். “என் பெரட்டுல இருந்தா பேர வெட்டிடுவேன்.” விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் வெட்டினால் அன்றைக்குக் கூலி இல்லை.

இன்று அந்தக் கண்டிப்பு இல்லை. கண் கலங்கியிருந்தது.

“மாப்பிள்ளை வீட்டு லாரி வாசல்ல நிக்குது ஐயா. ஆலத்திக்கு மஞ்சள் இருக்கு, சுண்ணாம்பு இல்ல.”

“நேற்று ஒரு சட்டி இருந்ததே?”

“பத்து பாகாட் டவுன்ல இருந்து வர்ற லாரி லேட்டு. காத்துக்கிட்டிருந்த பயலுங்க வெத்தல போட்டுப் போட்டு சட்டிய வழிச்சிட்டானுங்க.”

சுண்ணாம்பு சேராத மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கும். மாப்பிள்ளையின் அத்தை வெள்ளையம்மா அதை ஒப்பவில்லை. சிவந்த ஆலத்தி சுற்றாமல் மாப்பிள்ளையின் கால் மண்ணில் படக் கூடாது, முகூர்த்தம் தவறினால் லாரியைத் திருப்பிவிடுவேன் என்கிறாள். ஸ்கூடாய் கடைக்குச் சைக்கிளில் போனவன் திரும்புவதற்குள் முகூர்த்தம் போய்விடும். தனலெட்சுமி மணவறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

“நீங்களும் வாங்க ஐயா. அது உங்க பேச்சத்தான் கேக்கும்.”

பந்தல் வாசலில் லாரி. மேலே ஒரு நாற்காலியில் மாப்பிள்ளை அர்ச்சுனன், மாலையும் வியர்வையுமாக. பக்கத்தில் குடையுடன் வெள்ளையம்மா. காளியப்பனின் மனைவி ராஜம்மா சாற்றைப் பித்தளைத் தட்டில் ஊற்றினாள். பந்தல் நிழலில் அது குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது.

“என்னா சம்பந்தி இது? மாட்டுக்கு மருந்தா?” என்றாள் வெள்ளையம்மா.

“சிவப்புதாங்க. வெயிலுக்கு வந்தா தெரியும்,” என்றார் காளியப்பன்.

“ஐயோ, அலமாக்! வெயிலுக்கு வந்தா நான்கூட சிவப்புதான்,” என்றான் அர்ச்சுனன். “அத்தை, இறங்கட்டா? காலு மரத்துப் போச்சு.”

“உக்காருடா.”

நான் ராஜம்மாவை வெயிலுக்கு நகர்த்தினேன். தட்டு சிவந்தது. கூட்டம் ஆ என்றது. வெள்ளையம்மா லாரியிலிருந்து குனிந்து பார்த்தாள். குடையின் நிழல் தட்டில் விழுந்தது. பச்சை. நிமிர்ந்தாள். சிவப்பு. மறுபடி குனிந்தாள். பச்சை.

“இது என்னா, என்னைப் பாத்து பயப்படுதா?”

“குடையை மடக்குங்கம்மா,” என்றேன்.

மடக்கினாள். சிவப்பு நிலைத்தது. அவள் வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். அது மாறவில்லை.

“சரி, சுத்துங்க.”

மேளம் முழங்கியது. ராஜம்மா வழக்கப்படி வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து, தட்டின் நடுவில் இட்டு, தீக்குச்சியைக் கிழித்தாள். கற்பூரம் வேண்டாம், அது ஸ்பிரிட் என்று கத்தினேன். தவில்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னும் பலமாக அடித்தார்.

தட்டு முழுவதும் குப்பென்று தீ. ராஜம்மா அலறித் தட்டை வீசினாள். பந்தல் முகப்பில் கட்டியிருந்த காய்ந்த தென்னங்கீற்று பற்றிக்கொண்டது.

“வாளி!” என்றார் காளியப்பன். பெரட்டுக் குரல்.

கிணற்றிலிருந்து பந்தல்வரை வரிசை தானாக நின்றது. பால் வாளி மாற்றிப் பழகிய கைகள். தவில்காரர் நின்றார். ஸ்டானிஸ்லாஸ் நின்றார். தனலெட்சுமி மணவறையை விட்டு வந்து, கூறைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. அர்ச்சுனன் லாரியிலிருந்து குதித்தான்.

“டேய், காலு!” என்றாள் வெள்ளையம்மா.

கால் மண்ணில் பட்டுவிட்டது.

எனக்கும் ஒரு வாளி வந்தது. வாங்கினேன். கனமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஓரத்தில் தண்ணீர் தளும்பி என் சட்டையில் கொட்டியது.

“வச்சுக்கிட்டு என்னாய்யா செய்யிற? குடு!”

அடுத்து நின்றது வெள்ளையம்மா. அவள் எப்போது இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. கொடுத்தேன். இன்னொன்று வந்தது. அதையும் கொடுத்தேன். பிறகு வந்ததையெல்லாம் கொடுத்தேன்.

தீ அணைந்தது. முகூர்த்தம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எல்லாரும் வெள்ளையம்மாவைப் பார்த்தார்கள். அர்ச்சுனனும் தனலெட்சுமியும் ஒரு காலி வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். விடவில்லை.

“ஆலத்தி ஆச்சா, ஆகலையா சம்பந்தி?” காளியப்பன் மெதுவாகக் கேட்டார்.

வெள்ளையம்மா கரிந்த கீற்றை அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் கரி.

“இவ்ளோ பெரிய ஆலத்தி யாருக்கு சுத்துனாங்க? ஊர்க்கண்ணு எல்லாம் அதுலயே எரிஞ்சிருக்கும். தாலிய எடுங்க லா!”

மேளம் மறுபடி தொடங்கியது. தவிலுக்குள் தண்ணீர் போயிருந்தது. தொப் தொப் என்றது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று ஸ்டானிஸ்லாஸ் பிறகு சொன்னார்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். காளியப்பன் வந்து கையைப் பிடித்தார்.

“எங்க போறீங்க ஐயா? முதல் வாளியில பாதிய கொட்டிட்டீங்க. ஆனா பேர வெட்டல. வாங்க, உள்ள வந்து உக்காருங்க.”

ஈரச் சட்டையோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் வெற்றிலைத் தட்டை நீட்டினார். சுண்ணாம்பு இல்லை. அதை அடுத்தவருக்கு நகர்த்தினேன்.