கண்ணாடிக்கு மேலே ஒரு தாராளம்

விடிந்தும் விடியாத நேரத்தில் குளிர்ந்த இரும்பைத் தூக்கிப் பாருங்கள், எங்கள் பட்டறையின் அருமை தெரியும். ஒரு சூப்பர்சார்ஜர் ஓர் அரிசி மூட்டை எடை. பிடிக்க நல்ல விளிம்பு கிடையாது. அதை இடுப்பில் அணைத்துச் சோதனை மேடையில் ஏற்றி, நான்கு போல்ட்டை முறுக்கி, கடப்பாரையால் நெம்பிப் பெல்ட்டை மாட்டுவதற்குள் முதுகுத்தண்டு தன் வயதைச் சொல்லிவிடும். காலை ஆறுக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் பதினைந்து பெட்டி ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

கார் எஞ்சின் தானாக இழுக்கும் மூச்சு போதாதென்று, கூடுதல் காற்றை அதன் நெஞ்சுக்குள் திணிக்கிற பெட்டி அது. உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் வெறிபிடித்த வேகத்தில் சுழலும். தொட்டால் தீர்ந்தது. தொடாமல் பார்த்துக்கொள்வது முன்பக்கத்துப் பல்சக்கரங்கள் இரண்டு. அந்தப் பல்சக்கரங்களைக் காப்பாற்றுவது ஒரு டம்ளருக்கும் குறைவான எண்ணெய்.

என் வேலை அட்டை எழுதுவது. ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. என்ன எண்ணெய், தண்ணீர் ஓடியதா, சத்தம் எப்படி, கடைசியில் என் கையெழுத்து. அட்டை இல்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. அதனால் எல்லோருக்கும் நான் கார்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

எண்ணெய் ஊற்றுகிறவர் மூக்கர். முகத்துக்கு முன்னால் மூக்கு வந்து சேரும் என்பதால் மட்டும் அந்தப் பெயர் இல்லை. ஓடி முடித்த பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து, எவ்வளவு காய்ந்திருக்கிறதென்று சொல்லிவிடுவார். அவர் மனைவி பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். "ராத்திரி நான் என்ன சமைச்சேன்னு மட்டும் அந்த மூக்குக்குத் தெரியாது" என்பாள்.

நான்கு மாதத்துக்கு முன்பு சின்னச் சீசாக்களில் வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. தண்ணீர் மாதிரி மெலிந்த எண்ணெய் அது. இந்த வேகத்துக்கென்றே செய்தது. அதற்குப் பதில் ஒரு டிரம் வந்து இறங்கியது. மூக்கர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"சார், இது லாரி கியர்பாக்ஸுக்கு ஊத்துறது. கெட்டி. இந்த வேகத்துல கடைஞ்சா கொதிச்சிரும்."

"எண்ணெய்னா வழுக்கணும். இதுவும் வழுக்குதுல்ல?" என்றார் முதலாளி. "மூக்கை வெச்சுப் பொழைக்காதய்யா. கையை வெச்சுப் பொழை."

அடுத்த மாதம் குளிரூட்டித் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு எரிந்துபோனது. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் பெட்டியைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். புதுப் பம்பு வரவில்லை. ஒரு பெட்டிக்கான இருபது நிமிட ஓட்டம் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. மேடையருகே போனால் புருவம் கருகுகிற சூடு.

அப்போதுதான் நாங்களாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தோம். எண்ணெய் அளவு பார்க்கப் பெட்டியின் முகத்தில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. பாதிக் கண்ணாடி வரை ஊற்றுவதுதான் முறை. நாங்கள் கண்ணாடி மறையும்வரை ஊற்றி, அதற்கு மேலும் ஒரு விரற்கடை விட்டோம். அடுப்பில் அடிப்பிடித்தால் தண்ணீர் கூட்டி விடுகிறோமே, அந்த நினைப்பு. அதற்குத் 'தாராளம்' என்று பெயரும் வைத்தோம். "ரொம்பச் சுடுது, ஒரு தாராளம் விடு" என்போம். மூக்கர் முதலில் தலையாட்டி மறுத்தார். பல்சக்கரம் நிறைய எண்ணெயில் முங்கினால் நுரைத்து இன்னும் காயும் என்றார். நாங்கள்தான் அவரைக் கேலி செய்து சம்மதிக்க வைத்தோம். கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அட்டையில் நான் என்ன எழுதினேன்? எண்ணெய்: சீசா. தண்ணீர்: உண்டு. மேலிருந்து சொன்னார்கள், எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் மெச்சுவார்கள். பொய்யும் முத்து முத்தாகத்தான் இருந்தது.

இன்று காலை மூன்றாவது பெட்டி. பன்னிரண்டாவது நிமிடம். மூக்கர் முகம் சுளித்தார்.

"வாடை சரியில்ல. நிறுத்துங்க!"

சுவிட்ச் அவருக்குத்தான் பக்கம். கையை நீட்டினார். அந்த நொடியில் முன்பக்கத்தில் எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் பிய்ந்து, கொதித்த எண்ணெய் அவர் வலது கையில் முழங்கைவரை அடித்தது. அந்தக் கையாலேயே அவர் சுவிட்சைத் தட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் கத்தினார்.

பாரம் தூக்கும் கொக்கி இயக்குகிற பையன், எங்கள் 'கொக்கி', அவரை மேடையடித் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடினான். திருகினான். குழாய் இருமியது, ஒரு சொட்டு வரவில்லை. பம்பு செத்து மூன்று மாதம் ஆகிறதே. கடைசியில் நாங்கள் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை அவர் கையில் கவிழ்த்தோம். பேக்கிங்கிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தாள். அழவில்லை. "வண்டி எங்க?" என்று மட்டும் கேட்டாள். சரக்கு ஏற்றும் வண்டியில் உட்கார்த்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். கண்ணாடியை எட்டிப் பார்த்தார், எண்ணெய் வழிந்த கோட்டை விரலால் அளந்தார். எதையோ கண்டுபிடித்த தெம்பு முகத்தில் ஏறியது. என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று.

"பாவம், நல்ல உழைப்பாளி" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "ஆனா அளவுக்கு மேல ஊத்தியிருக்கான். அவன் தப்பு. எண்ணெய் சரி, தண்ணி சரின்னு நாலு மாசமா உன் கார்டே சொல்லுது. இதுல ஒரு கையெழுத்து போடும்மா."

"போட்டா அவருக்கு என்ன ஆகும் சார்?"

"கவனக்குறைவுக்குக் கம்பெனி எப்படிம்மா பொறுப்பாகும்? வைத்தியம் அவன் பாடு. வேலையும் இனிமே அவனால முடியாது."

"போடலன்னா?"

"அப்ப நாலு மாசமா பொய் எழுதினது நீன்னு ஆகும். யோசிச்சுக்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் பங்குபோட்டு எங்கள் தலையிலேயே வைத்துவிட்டார். பயந்தேன். மறைக்க என்ன இருக்கிறது. வீட்டில் என் ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அப்போது என் போன் அடித்தது. மூக்கர் மனைவி.

"அக்கா, கை இருக்கும்னு சொல்லிட்டாங்க. விரல் மடங்க மாசக்கணக்காகுமாம். ஊசி போட்டுக் கண்ணு சொருகுற நேரத்துல இவரு என்ன கேக்குறாரு தெரியுமா? 'கார்டக்கா கார்டுல என்ன எழுதினாங்க?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"எழுதிட்டுச் சொல்றேன்மா" என்றேன். தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். முதலாளி பின்னாலேயே வந்தார்.

மேடையைச் சுற்றி ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். கொக்கி முன்னால் வந்தான்.

"தாராளம் விடச் சொன்னதே நான்தானேக்கா."

"நீ மட்டுமா? எல்லாரும்தான்" என்றேன். "அது நம்ம தப்பு. மூக்கர் வேண்டாம்னுதான் சொன்னாரு. நம்ம தப்பை நாமளே எழுதுவோம். ஏன் அந்தத் தப்புக்குப் போனோங்கிறதையும் எழுதுவோம்."

மூன்றாவது பெட்டியின் அட்டையை எடுத்தேன். எண்ணெய்: லாரி கியர் ஆயில். தண்ணீர்: மூன்று மாதமாக இல்லை. அளவு: கண்ணாடிக்கு மேல், சூடு தாங்காமல் எல்லோரும் சேர்ந்து பழகியது. இதுவரை எழுதிய அட்டைகள் பொய், எழுதியது நான். கையெழுத்துப் போட்டேன். முத்து உதிர்ந்து கோணலாக வந்தது. கொக்கி என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். ஒன்பது பெயரும் அட்டையின் பின்பக்கம்வரை போயின.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றீங்களா?" முதலாளி குரல் உடைந்தது.

"உண்டது எங்க டிபன் பாக்ஸ்ல சார்" என்றான் கொக்கி.

"பதினோரு மணிக்கு லாரி வருது! நேத்து ஓட்டின பதினைஞ்சுக்கும் கார்டு வேணும்!"

"தர்றேன் சார். உள்ள என்ன இருக்கோ அதை எழுதித் தர்றேன். சீசா எண்ணெயும் தண்ணியும் வந்தா அதையும் எழுதுவேன். மூக்கர் வைத்தியம் கம்பெனி பொறுப்புன்னு நீங்க எழுதிக் குடுங்க, அதுவரைக்கும் பெல்ட் மாட்ட மாட்டோம்."

"ரெண்டு மணி ஷிப்ட் வரட்டும். அவங்களை வெச்சு ஓட்டிக்கிறேன். நீங்க பத்துப் பேரும் நாளைக்கு வர வேண்டாம்."

லாரி வந்தது. ஓட்டுநர் நான் உள்ளதை எழுதிய அட்டைகளைப் படித்துவிட்டு, சரக்கை ஏற்றாமல் சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மேடை ஓடாத பட்டறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடுவில் யாரோ சிரிக்கவைக்கப் பார்த்தார்கள், சிரிப்பு வரவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை ஷிப்டு எங்களுக்கு உறவும் இல்லை, நட்பும் இல்லை. கருவிகளை மறைத்து வைப்பார்கள். அவர்களுடைய அட்டை எழுதுகிற ஒல்லி, ஒரு வருடமாக என் பேனாவைத் திருடிக்கொண்டிருப்பவன். அவனும் அட்டையில் என் பொய்யையேதான் எழுதிவந்தான்.

இரண்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதலாளி முந்திக்கொண்டார். "வாங்கப்பா. நீங்களாவது ஓட்டுங்க."

ஒல்லி நேரே மேடைக்கு வந்தான். தரையில் உறைந்திருந்த எண்ணெயைப் பார்த்தான். எங்கள் அட்டையை எடுத்து, திருப்பி, பின்பக்கம்வரை படித்தான். என் முகத்தை ஒருமுறை பார்த்தான்.

"அக்கா, பேனா."

கொடுத்தேன். ஒரு புது அட்டையை எடுத்து வைத்தான். எண்ணெய்ப் பத்தியை நிரப்பினான். அடுத்த பத்தியில் பேனா நின்றது. குனிந்து தண்ணீர்க் குழாயைத் திருகினான், காத்திருந்தான், மறுபடி மூடினான். பிறகு நிதானமாக எழுதினான். 'இல்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பின்னால் நீட்டினான். பின்னால் ஏற்கெனவே பதினோரு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள்.