வடகரைக் கட்டம், தென்கரைக் கட்டம்

ஹல்வார் காப்பிக் கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சமையலறைச் சன்னலுக்கு வந்தார். அவருடைய பாரின் மேல் மஞ்சள் மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன.

பார் என்பது கடலுக்கடியில் கிடக்கும் பாறைமேடு. குளிர் முடியும் சமயத்தில் காட் மீன் கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்குவது அங்கேதான். அப்பன் தூண்டில் போட்ட இடம். அவரும் அங்கேயேதான் போட்டுக் காலம் தள்ளினார். இப்போது அதன் தலைக்கு மேல் ஒரு வேலைப்படகு நின்றுகொண்டு நங்கூரச் சங்கிலியைக் கடகடவென்று இறக்கிக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைக்கவில்லை, தொப்பி போடவில்லை. படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

"யாரக் கேட்டுடா இங்க போடுறீங்க?"

மேலே இருந்த தாடிக்காரன் எட்டிப் பார்த்தான். "சால்மன் மீன் வளர்க்குற கூண்டு வருது பெரியவரே. அனுமதி வாங்கியாச்சு. ஆட்சேபணை சொல்ற நாளெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. பத்திரிகையில வந்துச்சே, பாக்கலையா?"

"தெனமும் பாக்குறேன். அப்படி ஒரு மண்ணும் வரல."

"அப்ப கண்ணாடிய மாத்துங்க."

ஹல்வார் துடுப்பை ஓங்கினார். ஓங்கியதோடு சரி, எட்டவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. தினமும்தான் பார்த்தார். வட்டாரப் பத்திரிகை காகிதத்தில் வருவது நின்று இணையத்துக்குப் போன பிறகு, அதன் மேல் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வைத்திருந்தார்கள். ஒரு வரிசையில் மீன்பிடி, தொழில், விபத்து, மரணம் என்று. இன்னொரு வரிசையில் வடகரை, தென்கரை. எந்தக் கட்டங்களைத் தொடுகிறோமோ அவை எல்லாவற்றிலும் விழுகிற செய்தி மட்டும் வரும், மற்றது மறைந்துகொள்ளும். ஹல்வார் மீன்பிடியைத் தொட்டார், வடகரையைத் தொட்டார். அத்தோடு கையை எடுத்துவிட்டார். தென்கரைக் கட்டத்தைத் தொட்டால் விரல் நாறும் என்று மனைவி குன்வோரிடம் சொன்னார்.

அதற்குக் காரணம் உண்டு. நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல்வாயான ஒரே ஃபியோர்டின் இரண்டு கரையாக இருந்தும், முன்பு இரண்டும் தனித்தனி ஊராட்சி. தலைநகரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். சேர்த்ததும் பள்ளிக்கூடம் தென்கரைக்குப் போனது, மருத்துவர் போனார், பயணிகள் கப்பல் நிற்கும் துறையும் போனது. புது ஊராட்சிக்கு வைத்த பெயர்கூடத் தென்கரையின் பெயர்தான். அன்றிலிருந்து வடகரைக்காரன் எவனும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. 'அந்தக் கரை' என்பார்கள், சிலர் அதுவும் சொல்லாமல் தாடையால் காட்டுவார்கள்.

மறுநாள் ஹல்வார் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். ஃபியோர்டு முடிகிற முனையில், பலசரக்குக் கடைக்கு மாடியில் ஒரே அறை. சோல்ரூன் என்று ஒருத்தி. செய்தி எழுதுவதும் அவள்தான், படம் எடுப்பதும் அவள்தான், எந்தச் செய்தி எந்தக் கட்டம் என்று தீர்மானிப்பதும் அவள்தான்.

"என் வாசலுக்கு முன்னால கூண்டு. உன் பத்திரிகையில அதப் பத்தி ஒரு வரி இல்ல. எவ்வளவு வாங்குன?"

"வாய அடக்கிப் பேசுங்க." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதோ. பல வாரமா இங்கதான் கெடந்துச்சு. மீன்பிடி, தொழில், தென்கரை."

"தென்கரையா? கூண்டு என் சன்னலுக்கு நேரா நிக்குது!"

"கம்பெனியோட ஆபீசு, துறை எல்லாம் தென்கரையில. முதல்ல கேட்ட இடமும் கடல் நடுவுல, தென்பக்கமாத்தான். அதனால தென்கரை."

"நடுக்கடல்னா ரெண்டு கரைக்கும் போடணும். படிச்ச பொம்பளதானே நீ?"

சோல்ரூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதைவிட மோசமான ஒன்று இருந்தது.

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆரம்பத்துல கடல் சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் ரெண்டு கரையிலயும் போட்டேன். அப்பதான் ஒருத்தர் ஃபோன் பண்ணாரு. 'என் பக்கத்துல அந்தக் கரைச் சாக்கடைய ஏன்டி ஓட விடுற? எங்க செய்தி எங்களுக்கு, அவனுங்க செய்தி அவனுங்களுக்கு. இல்லேன்னா வடகரையில ஒரு ஆள்கூட உனக்குச் சந்தா கட்ட மாட்டான்'ன்னாரு. அவரு பேச்சக் கேட்டு இன்னும் நாலு பேரு ஃபோன் பண்ணாங்க. அதோட நிறுத்திட்டேன். அந்த ஆள் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

ஹல்வாருக்கு ஞாபகம் இருந்தது. தென்கரைக் காற்பந்துக் குழு ஜெயித்த செய்தி வந்த நாள் அது. காற்பந்தைத் திட்டப் போய்க் கடலையும் சேர்த்துத் திட்டியிருந்தார்.

"அது வேற."

"அது வேற இல்ல, அதேதான்."

"இனிமே எல்லாத்தையும் ரெண்டுலயும் போடு."

"நீங்க எனக்கு மொதலாளி இல்ல." கதவைக் கைகாட்டினவள், அவர் படியிறங்கும்போது சொன்னாள்: "ஒருத்தர் மட்டும் ஆட்சேபணை எழுதினாரு. ஆர்னுல்ஃப். அவரு எழுதினதுக்கு அப்புறம்தான் கூண்ட வடக்க தள்ளுனாங்க. அவரப் போய்ப் பாருங்க."

ஆர்னுல்ஃபை அவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? அதே பாரின் தென் விளிம்பில் தூண்டில் போடுகிறவன். ஒரு கோடையில் இரண்டு பேருடைய கயிறும் சிக்கிக்கொண்டபோது, பிரிக்கப் பொறுமையில்லாமல் கத்தியால் அறுத்தவன். ஹல்வார் படகை எடுத்துக்கொண்டு போய், இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்தக் கரையில் கால் வைத்தார். ஆர்னுல்ஃப் துறையில் படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கூண்ட என் தலையில தள்ளிவிட்டது நீதானா?"

"வா வா ஹல்வார். உயிரோடதான் இருக்கியா? அந்தப் பக்கத்துல ஒருத்தனும் வாயத் தொறக்கலையா, எல்லாரும் செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? நீ என்னோட பேசிப் பத்து வருஷம் ஆச்சு. பேசாதவன்கிட்டப் போய் நான் என்னத்தச் சொல்றது?"

"ரெண்டு பேரும் சேந்து எழுதியிருந்தா கூண்டே வந்திருக்காது."

"ஆமா. வந்திருக்காது." ஆர்னுல்ஃப் டீசல் குழாயை மாட்டிவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். "ஆனா கம்பெனிக்காரன் என்கிட்டக் கேட்டான், எங்க வெச்சா உனக்குப் பரவாயில்லன்னு. வடக்கன்னு சொன்னேன். நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

ஹல்வார் தென்பக்கம் என்றுதான் சொல்லியிருப்பார், மூச்சு விடுவதற்குள் சொல்லியிருப்பார். அது ஆர்னுல்ஃபுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவருக்கு அதிகம் எரிந்தது.

மேல்முறையீட்டுக்கு ஊராட்சியில் போய்க் கேட்டார். நாள் தவறாமல் ஆட்சேபணை எழுதியவர் மட்டும்தான் மேலே போகலாம் என்றார்கள். எழுதியவன் ஆர்னுல்ஃப் ஒருத்தன். அவனுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது.

கூண்டுகள் வந்தன. ராத்திரியெல்லாம் விளக்கு, பகலெல்லாம் தீவனக் குழாயின் இரைச்சல். கூண்டைச் சுற்றித் தூண்டில் போடக் கூடாது என்று சட்டம் வேறு. ஹல்வார் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார். காட் மீனைக் கடையிலிருந்து குன்வோர் வாங்கி வந்தாள், உறைய வைத்தது. இரண்டு பேரும் அதைத்தான் தின்றார்கள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் ஃபோன் வந்தது. சோல்ரூன்.

"கம்பெனிக்காரன் இன்னொரு இடம் கேக்குறான். இந்தத் தடவை தென்கரை ஓரமா, ஆர்னுல்ஃபோட படகுத்துறைக்குப் பக்கத்துல. ஆனா விண்ணப்பம் வடகரையில புதுசாத் தொறந்த ஆபீசுலேர்ந்து வந்திருக்கு. என் வழக்கப்படி வடகரைக் கட்டம்தான். ஆர்னுல்ஃப் கண்ணுல படாது. நீங்க அன்னைக்கு வந்து கத்தினதால ஒரு வார்த்தை கேக்குறேன். ரெண்டு கரையிலயும் போடவா?"

குன்வோர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். ஃபோனில் பேசுவது அவளுக்கும் கேட்டது.

"போடச் சொல்லு," என்றாள். "அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

ஹல்வார் சன்னலைப் பார்த்தார். கூண்டுகள் வட்ட வட்டமாகக் கிடந்தன. அவற்றுக்கும் அப்பால் அந்தக் கரையில் ஒரு வீட்டுப் புகைபோக்கி புகைந்தது. ஆர்னுல்ஃப் வீடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"நான்தான் முன்னாடியே சொன்னேனே," என்றார் ஃபோனில். "எங்க செய்தி எங்களுக்கு. அவனுங்க செய்தி அவனுங்களுக்கு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? வடகரையிலேர்ந்து வந்த விண்ணப்பம், வடகரையிலயே போடு."

சோல்ரூன் ஃபோனை வைத்துவிட்டாள். குன்வோர் கத்தியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள். மீதி உருளைக்கிழங்கை ஹல்வாரே உரித்தார்.