கதிர்காமத்தம்பியின் தலையில் கட்டிய கூடு

பங்குனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கந்தோர் திறந்து அரை மணி நேரத்தில், காணிப் பிரிவின் விடயப் பொறுப்பு உத்தியோகத்தர் கதிர்காமத்தம்பியின் தலையில் ஒரு சோடி நீர்க்காகம் கூடு கட்டத் தொடங்கியது. அவர் ஆட்சேபனை தெரிவிக்கவில்லை. பதினொரு வருடமாக எதற்கும் ஆட்சேபனையோ சம்மதமோ தெரிவிக்காத மனிதர், இதற்கு மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறார்? ஒன்பது மணிக்குக் கண்டல் சுள்ளி வந்தது, பத்து மணிக்குக் காய்ந்த புல் வந்தது, பத்தரைக்குத் தேநீர் இடைவேளை வந்தது. பறவைகளும் அந்தக் கால் மணி நேரம் யன்னல் கட்டில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மறுபடி வேலையைத் தொடங்கின என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்கிறார்கள்.

இது எழுவான்கரையில், வாவியின் விளிம்பில் இருக்கிற ஒரு பிரதேச செயலகத்தில் நடந்தது. எந்தச் செயலகம் என்று கேட்கவேண்டாம். சொன்னால் விளக்கம் கோரிக் கடிதம் வரும், அது வந்து சேர நாலு வருடம் எடுக்கும். பறவைகள் ஏன் மரத்தை விட்டு மனிதனிடம் வந்தன என்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. கந்தோருக்குப் பின்னால் ஒரு கண்டல் காடு நின்றது. நீர்க்காகம், கொக்கு, நாரை எல்லாம் வருடா வருடம் அதில்தான் குஞ்சு பொரிக்கும். அந்த அழகைச் சனங்கள் ஏறி நின்று பார்க்க ஒரு கோபுரம் வேண்டும் என்று திட்டம் வந்தது. கோபுரத்துக்கு இடம் வேண்டும் என்று கண்டலை வெட்டினார்கள். மிச்சம் நின்றதை வாகனத் தரிப்பிடத்துக்காக வெட்டினார்கள். கோபுரம் நன்றாகத்தான் வந்தது, மூன்று மாடி. ஏறி நின்றால் வாகனத் தரிப்பிடம் முழுவதும் தெரியும். பங்குனி பிறந்ததும் வந்து சேர்ந்த பறவைகள் இரண்டு நாள் சுற்றிப் பறந்தன. பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அசையாமல் இருக்கிற பொருள் எதுவென்று தேடின. காற்றுக்கும் மழைக்கும் மேலதிகாரிக்கும் அசையாதது கதிர்காமத்தம்பி ஒருவர்தான்.

அவருடைய வலது முழங்கைக்குக் கீழே செசீலியாவின் பைல் கிடந்தது. செசீலியா, வாவியில் நண்டு வலை போடுகிற இராயப்புவின் மனைவி. அவர்களுடைய வீடு அரசாங்கப் பெர்மிட் காணியில் இருந்தது. அதை மகள் சுகந்தினியின் பெயருக்கு மாற்ற ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும் வேண்டும். அதற்காக அவள் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதாமல் கலியாணம் இல்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பான், அவன் வந்து இருக்கிற வீடு அவள் பெயரில் இருக்கவேண்டும். மாப்பிள்ளை ஜொய்சன் கட்டாரில் இருந்து லீவில் வந்திருந்தான். வைகாசி முப்பதாம் திகதி திரும்பவேண்டும். தவக்காலம் கழிந்ததும் கோயிலில் கலியாண அறிவித்தல் வாசித்துத் தாலியைக் கட்டிவிடலாம் என்று இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஜொய்சனின் தாய்க்கு மட்டும் ஒரே சொல்: எழுத்து முடியட்டும். முடியாவிட்டால் தாண்டவன்வெளியில், எழுதி முடிந்த வீட்டோடு ஒரு பெண் இருக்கிறாள் என்பதையும் அவர் சொல்லாமல் சொல்லியிருந்தார். சுகந்தினிக்கு ஜொய்சனைப் பிடித்திருந்தது. பிள்ளை வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் அவன் அங்கே இருந்த இரண்டு வருடமும், கட்டாரில் இப்போது என்ன நேரம் என்று கேட்டால் மணிக்கூடு பார்க்காமல் சொல்லுவாள்.

கூட்டைப் பார்க்க வனசீவராசிகள் திணைக்களத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்தார். கூடு சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்றார். கூட்டைத் தாங்குவது எதுவோ அதை வெட்டவோ, நகர்த்தவோ, இடமாற்றம் செய்யவோ கூடாது; அதைச் சுற்றி ஒரு மீற்றருக்குள் எந்தப் பொருளையும் தொடக்கூடாது. மஞ்சள் கயிறு கட்டினார்கள். குஞ்சு பறக்கும்வரை காணி அலுவல்கள் இடைநிறுத்தப்பட்டுள்ளன என்று மூன்று மொழியில் அறிவித்தல் ஒட்டினார்கள். சேவை நின்றுபோனதைப் பொதுமக்கள் எவரும் கவனிக்கவில்லை. கதிர்காமத்தம்பியின் மனைவி காலையும் மாலையும் வந்து கரண்டியால் சோறு ஊட்டிவிட்டுப் போனார். இப்படி எத்தனை நாளைக்கு என்று அனுதாபத்தோடு கேட்டவர்களிடம், வீட்டிலும் இப்படித்தான் என்றார்.

நீர்க்காகத்துக்குக் கிடைத்த வரவேற்பைக் கேள்விப்பட்டு மற்றதுகளும் வந்தன. இரண்டு கொக்கு இரும்பு அலுமாரிக்கு மேல் இடம் பிடித்தன. தேன்சிட்டு ஒன்று தொலைபேசி வயரில் கூடு தொங்கவிட்டது; எவரும் எடுத்துப் பேசாத தொலைபேசி என்பது அதற்கு எப்படித் தெரியும் என்பதுதான் ஆச்சரியம். மீன்கொத்தி தண்ணீர்ப் பீப்பாவுக்கு மேல் இருந்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று கழிவுநீர்க் கான் வழியாக வந்து, பழைய வாக்காளர் இடாப்புகளை விரித்துப் படுத்தது. உடும்பைவிடப் பெரிய ஒரு கபரக்கொய்யா வரவேற்பு மேசையில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று இரண்டு வாரம் காத்திருந்து, மனம் விட்டுப் போய்விட்டது. கொழும்பிலிருந்து ஆள் உயரக் கமராக்களோடு சனம் வந்தது. வசந்தகாலப் பறவைகளும் நாமும் என்று ஒரு ஹோட்டலில் செயலமர்வு வைத்தார்கள். வந்தவர்கள் குளிர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு பறவையைத் திரையில் பார்த்து, கோழி ரோல்ஸ் தின்றுவிட்டுப் போனார்கள். காத்தான்குடியிலிருந்து வந்து பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற அஸ்மியா மட்டும் எச்சத்துக்குப் பயந்து மேசைக்கு மேல் ஒரு குடையை விரித்துக் கட்டி, அதற்குக் கீழே தன்னுடைய வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவளைப் படம் எடுக்க எவரும் வரவில்லை.

செசீலியா செவ்வாயும் வெள்ளியும் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் மர வாங்கில் இருந்தாள். பிறந்ததிலிருந்து வாவிக்கரைதான்; ஆனால் அவளுக்கு நீர்க்காகம் என்றால் வலையைக் கிழிக்கிற கள்ளன், கொக்கென்றால் கூனி இறால் காயப்போட்ட சாக்கில் கால் வைக்கிற சனியன். நாற்பத்தாறு வயது வரைக்கும் ஒரு பறவையை இருந்து பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. அந்த வசதியை அரசாங்கம் செய்துகொடுத்தது. ஆண் பறவை ஒவ்வொரு சுள்ளியையும் கொண்டுவந்து கழுத்தை வளைத்துக் கும்பிட்டுக் கொடுக்கிறதையும், பெண் அதை வாங்கி, பிடிக்காவிட்டால் கதிர்காமத்தம்பியின் மடியில் போடுகிறதையும் கண்டாள். நனைந்த செட்டையை விரித்து மின்விசிறிக்குக் கீழே அது காய நிற்கிறதையும், அதன் கண் பச்சைக் கல் மாதிரி இருக்கிறதையும் கண்டாள். சொல்ல வெட்கம்தான், ஆனால் அவளுக்குப் பிடித்துவிட்டது. செவ்வாய் எப்போது வரும் என்று இருந்தது. வலையில் மிஞ்சிய பொடி மீனை ஒரு பையில் கொண்டுவந்து கயிற்றுக்கு மேலால் எறியத் தொடங்கினாள். கள்ளனுக்கு நீயே சோறு போடுறியா என்று இராயப்பு ஏசினான். கந்தோரில் இது இலஞ்சம் என்று எவரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். விசாரணைக் குழு வந்து, இலஞ்சம் கொடுத்தால் அலுவல் நடந்திருக்கவேண்டும், இங்கே எந்த அலுவலும் நடக்கவில்லை, ஆகவே இது இலஞ்சம் அல்ல என்று எழுதிக் கையெழுத்து வைத்தது.

சித்திரை மாதத்துக் கடைசி வியாழன் ஜொய்சனின் தாய் வந்தார். நாளைக்குள் எழுத்து முடியவேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை தாண்டவன்வெளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார். சுகந்தினி அன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் செசீலியா தாங்கியிருப்பாள். பேசாமல் வெளியில் போய், காயாத உடுப்பை எல்லாம் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள் பிள்ளை.

வெள்ளி மதியம், கந்தோர் முழுக்கச் சாப்பிடப் போயிருந்த நேரம், செசீலியா கயிற்றைக் குனிந்து கடந்தாள். சட்டமாவது மண்ணாவது. அஸ்மியா குடைக்குக் கீழே சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தவள், இவளைக் கண்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செசீலியா முழங்கைக்குக் கீழே கை விட்டுப் பைலைப் பிடித்து இழுத்தாள். முழங்கை சரிந்தது, தோள் சரிந்தது, தலை சரிந்தது. மேலே கூட்டில் கீச்சென்று சத்தம் எழும்பியது.

“தங்கச்சி, மெல்ல. குஞ்சு கிடக்கு” என்றார் கதிர்காமத்தம்பி.

மூன்று வருடத்தில் அவள் கேட்ட முதல் சொல் இது. சுவர் பேசியிருந்தால்கூட இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டாள். “வாய் இருக்கா சேர் உங்களுக்கு? மூணு வருசமா நான் ஆரோட பறைஞ்சிட்டிருந்தன்?”

அவர் கோபிக்கவில்லை. பதினொரு வருடமாகத் தன்னைப் பார்க்கிற எல்லோரும் கடுகடுத்த முகத்தோடுதான் பார்த்தார்கள் என்றும், இந்தப் பங்குனியிலிருந்துதான் சனம் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்டுகிறார்கள் என்றும், தலையில் சூடாக எதுவோ மூச்சு விடுகிறது, நல்லாத்தான் இருக்கிறது என்றும் மெல்லிய குரலில் சொன்னார்.

“அப்ப ஒரு கையெழுத்து வைங்க. கை மட்டுந்தானே.”

“அசைஞ்சா விழுந்திரும்.”

“மறுகா நான் ஆருக்கிட்டப் போற?”

கதிர்காமத்தம்பி கண்ணை மட்டும் மேலே உயர்த்தினார். “அதுக்கிட்டக் கேளுங்க. இப்ப அதுதான் விடயப் பொறுப்பு.”

செசீலியாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையோடு சேர்த்துக் கவிழ்த்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். தலை இன்னும் சரிந்தது. கூட்டின் விளிம்பில் மூன்று மொட்டைக் கறுப்புத் தலைகள் தெரிந்தன. சாகப்போகிறோம் என்று தெரியாமல், இவளைத் தாயென்று நினைத்து, மூன்றும் தொண்டை தெரிய வாயைப் பிளந்தன. அவளுடைய கை தானாக விட்டுவிட்டது. அந்த இடத்திலேயே நின்று அழுதாள். குஞ்சுகளை ஏசினாள், கதிர்காமத்தம்பியை ஏசினாள், பெற்ற பிள்ளையின் வாழ்வைவிட மூன்று மீன்கள்ளனுக்கு இரங்கிய தன்னைப் பேய்ச்சி என்று ஏசினாள். அதுகள் கத்துகிற கத்தல் நிற்கவில்லை என்பதால், ஏசிக்கொண்டே பையைத் திறந்து மீனை ஒவ்வொன்றாக வாய்க்குள் போட்டாள்.

அப்போது தாய்ப்பறவை யன்னலால் வந்தது. பிள்ளைகளின் வயிறு நிறைந்திருப்பதைப் பார்த்தது, செசீலியாவைப் பார்த்தது. பிறகு மேசையில் இறங்கி, நுனி வளைந்த அலகால் பைலைக் கவ்வி, முழங்கை ஒரு நூலும் அசையாமல் உருவி எடுத்தது. அலகாலேயே திறந்து, விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியது. மூன்றாம் பக்கத்தில் நின்றது. அஸ்மியா எழும்பி வந்து, மைப்பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போய்ச் சோற்றைத் தொடர்ந்தாள். பறவை வலது காலை மையில் வைத்து எடுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டுக்கு மேல் வைத்தது. இடது காலை முத்திரைக்குரிய வட்டத்துக்குள் வைத்தது. பிறகு அடுத்த பைலை இழுத்தது.

பின்னேரம் பிரதேச செயலாளர் அம்மா அந்தத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கதிர்காமத்தம்பியின் பழைய கையெழுத்தோடு ஒப்பிடச் சொன்னார். பதினொரு வருடத்தில் அவர் எதிலும் கையெழுத்து வைத்த பதிவு இல்லை. ஆகவே இது அவருடையது அல்ல என்று நிறுவ முடியாது. நிறுவ முடியாததை நிராகரிக்க முடியாது. அனுமதிக்கலாம் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். அடுத்த கிழமையிலிருந்து வாசலில் வரிசை நின்றது, ஆளுக்கொரு பைலும் ஒரு மீன் பையுமாக. குஞ்சுகள் பறக்கிறதற்கு முன் நானூற்றுப் பதினேழு காணி அலுவல்கள் முடிந்தன. மாவட்டத்தில் அது முதலாம் இடம். அதற்காகக் கதிர்காமத்தம்பிக்கு ஒரு கேடயமும் பதவி உயர்வும் கிடைத்தன. இரண்டையும் அவர் அசையாமல் பெற்றுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை செசீலியா தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே ஜொய்சன் வீட்டுக்குத்தான் போனாள். ஜொய்சனின் தாய் வாவிப் பக்கத்து விறாந்தையில் கதிரை போட்டு அவளை இருத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பிடித்துப் பார்த்தார். நாலு விரலும் அவற்றை இணைக்கிற சவ்வும் தெளிவாக விழுந்திருந்தன.

“இது ஆர்ர ஒப்பம் மச்சாள்?”

“பொறுப்பான ஆள்ர.”

“ம்” என்றார் ஜொய்சனின் தாய். தாளை நாலாக மடித்தார். “ஞாயித்துக்கிழமை கோயில்ல முதலாவது அறிவித்தல் வாசிக்கட்டும். அது சரி, வீட்டுக்கு டைல்ஸ் எப்ப பதிக்கிற?”

வாவிக்கு மேலால் கூழைக்கடா பத்துப் பன்னிரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஒன்று செட்டை அடித்தால் மற்றது அடித்து, ஒன்று நிறுத்தினால் மற்றது நிறுத்தி. கடைசிப் பறவையும் பாலத்துக்கு அங்கால் மறையும்வரை செசீலியா ஆறுதலாக இருந்து பார்த்தாள்.

“அதுக்கும் பைல் போட்டிருக்கு மச்சாள்” என்றாள்.