முகத்துக்கு எடுத்த ரத்தம்

கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டுத்தான் ஸ்வப்னா அன்று காலை காப்பியே குடித்தாள். முகம் அந்தக் கோலத்தில் இருந்தது. கன்னம் இரண்டும் கடந்தை கொட்டியது போல வீங்கி, இடது கண்ணுக்கடியில் நீலம் பாய்ந்திருந்தது. "எல்லாம் சீக்கிரம் வற்றிரும், அப்புறம் பாருங்க" என்று சொல்லி அனுப்பிய நெய்யாற்றின்கரை கிளினிக் பெண்ணை மனதுக்குள் நன்றாக வைதாள்.

மகள் நந்தனாவைப் பெண் பார்க்க வந்த அன்று தொடங்கிய வினை இது. மாப்பிள்ளையின் அத்தை பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டே, "நீங்க பெண்ணுக்கப் பாட்டியா?" என்று கேட்டுவிட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மகராசி உள்ளபடியே சந்தேகத்தில் கேட்டாள். ஐம்பதுகூட ஆகாதவளுக்கு அதற்குமேல் சோறு இறங்குமா? நிச்சயத்துக்குள் முகத்தைச் சரிபண்ணியே தீருவது என்று முடிவுகட்டிவிட்டாள். ஃபோனில் தேடியதில் பி.ஆர்.பி. என்று ஒன்று அகப்பட்டது. கையிலிருந்து நம் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் போட்டுச் சுற்றி, தெளிகிற மஞ்சள் நீரை முகமெங்கும் ஊசியால் ஏற்றுவார்களாம். சுருக்கம் போகுமாம்.

அழகுக்கு ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் நடந்தது.

அடுத்த வீட்டு ராஜப்பன் ரப்பர் வெட்டுகிறவர். வயிற்றில் கட்டி வந்து திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்குக் கிடந்தார். பாறசாலைப் பக்கத்து ஊர்களில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், அக்கம்பக்கத்தார் ஜீப் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். கல்யாணத்துக்குப் போகாதவனைக்கூட மன்னிப்பார்கள், இதற்குப் போகாதவனை மன்னிக்க மாட்டார்கள். ராஜப்பனுக்கு வேண்டியது ஓ நெகட்டிவ். ஊரில் அந்த ரத்தம் ஸ்வப்னாவுக்குத்தான் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி அம்மிணி வந்து கேட்டபோது, மறுநாள் கிளினிக்கில் கிடைத்திருந்த நேரம்தான் ஸ்வப்னாவின் கண்முன் நின்றது.

"எனக்கு ரத்தம் குறவாக்கும் அக்கா. டாக்டர் குடுக்காண்டாம்னு செல்லியிருக்காரு," என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள்.

"அய்யோ, அப்பம் ஒடம்பப் பாத்துக்க மக்கா," என்று இவளுக்காக வருத்தப்பட்டுவிட்டு அம்மிணி போனாள்.

இப்போது அதே அம்மிணி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம். ஸ்வப்னா அவசரமாகத் துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டாள்.

அம்மிணி படியேறியதுமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வாக்கு செல்லாமப் போயிக் குடுத்திட்டியே பிள்ளே! ஆரோ ஒரு பெண்ணு வந்து ரத்தம் குடுத்திட்டுப் போனான்னு ஆசுபத்திரியில செல்லிச்சினும். ஆருன்னு தெரியாமக் கெடந்து முழிச்சேன். ஆட்டோக்காரன் செல்லசாமிதான் செல்லுதான், நீ ஆட்டோவுல ஏறும்பம் கையில பஞ்சு ஒட்டியிருந்துதுன்னு. ஒடம்புக்கு வய்யாம இருந்தும் குடுத்தியே!"

முழங்கை மடிப்பில் அந்தப் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது ஸ்வப்னாவுக்கு. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மிணி பழத்தை அவள் மடியில் வைத்தாள்.

அப்போது அம்மிணியின் ஃபோன் அடித்தது. ஆசுபத்திரியிலிருந்து கொழுந்தன் மோகனன் பேசினான். உள்ளே மறுபடியும் ரத்தம் கசிகிறதாம், உடனே இன்னொரு பாட்டில் வேண்டுமாம்.

"ஸ்வப்னாட்ட கேக்காண்டாம்," என்றாள் அம்மிணி அழுகையை அடக்கிக்கொண்டு. "அவ இப்பந்தான் குடுத்திருக்கா. இனியும் எடுத்தா அவளுக்கு ஆபத்து. வேற ஆராவது உண்டான்னு பாரு."

பேசாமல் இருந்துவிடலாம். ஊர் முழுக்கப் புகழும். ஆனால் அங்கே மனிதர் செத்துக்கொண்டிருந்தார். ஸ்வப்னா துப்பட்டாவை இழுத்துக் கீழே போட்டாள்.

"அக்கா, நான் குடுக்கல்ல. எனக்கு ரத்தக் குறவும் இல்ல. இது முகத்துக்கு எடுத்த ரத்தமாக்கும்."

அம்மிணிக்கு விளங்கவில்லை. "முகத்துக்கு எதுக்குட்டி ரத்தம்?"

"சுருக்கம் போவதுக்கு."

அம்மிணி அந்த வீங்கின முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வா."

செல்லசாமியின் ஆட்டோ பறந்தது. வழி நெடுக அம்மிணி வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு வசவு வைதிருந்தால் ஸ்வப்னாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரத்த வங்கி நர்ஸ் அவள் முகத்தைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்தாள். "எந்தா பற்றியது? மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?"

ஊசி குத்திய இடம் பழுக்காமல் இருக்கக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்திருந்தார்கள். என்ன ஆயிற்று, மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று நர்ஸ் கேட்டதற்கு ஸ்வப்னா அதைச் சொன்னாள்.

"எங்கில் இப்போள் எடுக்கான் பற்றில்ல, சேச்சி."

ஸ்வப்னா கெஞ்சினாள், கையை நீட்டினாள், கூச்சல்கூடப் போட்டாள். மாத்திரை சாப்பிடுகிறவரிடம் இப்போது எடுக்க முடியாது என்று நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே மோகனன் ஓடிவந்தான். "எடுத்தாச்சா?"

"அவளுக்கு முகத்துல நீரு உண்டு, எடுக்க மாட்டினுமாம்," என்றாள் அம்மிணி.

மோகனன் ஸ்வப்னாவைப் பார்த்துக் கைகூப்பினான். "இந்தச் சீக்கோட ஓடி வந்தியளே. மறக்க மாட்டோம்."

கடைசியில் பூவாரிலிருந்து ஒரு படகுக்காரர் வந்து ரத்தம் கொடுத்தார். ராஜப்பனுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று சேதி வந்ததும், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மிணியின் கையை ஸ்வப்னா மெல்லத் தொட்டாள்.

அம்மிணி கையை இழுத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இப்பம் என்னத் தொடாத ஸ்வப்னா. அவரு எழும்பி வீட்டுக்கு வரட்டு. பெறகு எனக்கு ஒன்னோட பேசத் தோணுதான்னு பாக்கட்டு."