சுடாத கை

லின்வுட் கறி பிய்க்கும்போது போடும் கூத்தைப் பார்ப்பதற்கென்றே பாதிப் பேர் அந்த வீட்டுக்கு வருவார்கள். கறிக்காக வருகிறோம் என்று சொல்லிக்கொள்வது ஒரு மரியாதைக்கு. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை, பத்து மணி நேரம் புகையில் வெந்த பன்றித் தோள்கறியைக் கொல்லைப்புற மேஜையில் வைத்து வெறுங்கையால் பிய்ப்பார். சுடும். "ஆத்தாடி" என்று அலறி, ஒற்றைக் காலில் குதித்து, விரலை ஊதிக்கொள்வார். மறுபடி கையை வைப்பார், மறுபடி குதிப்பார். கையுறை போட்டால் என்ன என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள். "கையுறை போட்டவனுக்குக் கறி எது, சவ்வு எதுன்னு தெரியுமா? விரலுக்குத்தான்யா தெரியும்" என்று ஒரு பிரசங்கமே நடக்கும்.

இந்த ஆண்டு அந்த விரல்களுக்கு எதுவுமே தெரியாது. அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஈஸ்டர் அன்று காலை எழுந்தபோது வலது கை மரத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மனைவி வெர்லீன் விடியற்கால ஆராதனைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் வாய் சரியாகிவிட்டது. கையும் மடங்கியது, நீண்டது, பிடித்தது. உணர்ச்சி மட்டும் வரவில்லை. அது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அண்ணனுக்கு இப்படித்தான் வந்தது. இரண்டாம் முறை வந்தபோது ஆளையே கொண்டுபோனது. ஆனால் டாக்டரிடம் போனால் பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமம் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். அந்த வட்டாரத்தில் நிமிர்ந்து நிற்கிற வாலிபர்களில் பாதிப் பேர் அந்த வண்டியில் ஏறிப் படித்தவர்கள். பேருந்து இல்லாத லின்வுட் யார் என்று யோசித்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மே மாதம் ஒருநாள், புகையிலை வயல் வளைவில் வண்டி லேசாக ஒரு பக்கமாக இழுத்தது. குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த வலது கை மடியில் கிடந்தது. பின்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இடது கையால் சமாளித்தார். ஆனாலும் மறுநாள் வண்டியை எடுத்தார். அது கேவலம் என்று அவருக்கே தெரியும்.

இந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல விடியும் முன்பே எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துச் செய்த அடுப்பில் ஓக் கரியைப் போட்டு, உப்புத் தடவி வைத்திருந்த தோள்கறியை ஏற்றினார். உச்சிவேளைக்கு வெர்லீனின் தம்பி ஆல்ட்டன் வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய பேத்தி ஜெனீவா. ஆல்ட்டன் உட்காரும் முன்பே கறியில் குத்தியிருந்த ஃபாரன்ஹீட் வெப்பமானியை எட்டிப் பார்த்தார்.

"மச்சான், முள்ளு நூத்தி அறுவதுலயே நிக்குது?"

"ரெண்டு மணி நேரமா நிக்குது."

"அப்ப நாலு கரி போட வேண்டியதுதான?"

"போட்டா செருப்பைத்தான் திங்கணும். சும்மா உக்காரு."

"பசிக்குதுய்யா."

"உனக்கு எப்ப பசிக்கல?"

கறி வியர்க்கும் நேரம் அது. எவ்வளவு அனல் கொடுத்தாலும் உள்சூடு ஏறாமல் அப்படியே நிற்கும். பொறுமை இல்லாதவன் நெருப்பைக் கூட்டிக் கெடுப்பான், தெரிந்தவன் காத்திருப்பான். இந்தக் கையையும் லின்வுட் அப்படித்தான் வைத்திருந்தார். கோடை முழுவதும், தானாக வரும், தானாக வரும் என்று காத்திருந்தார். கறி எப்படியும் ஒரு நேரத்தில் நகர்ந்துவிடும். கை நகரவில்லை.

"திங்கக்கிழமையில இருந்து இவ உன் பஸ்லதான்" என்றார் ஆல்ட்டன். "ரெண்டாங் கிளாஸ். முன் சீட்டு வேணுமாம் மகாராணிக்கு."

"குடுத்துட்டாப் போச்சு" என்றார் லின்வுட். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மூன்றரை மணிக்குக் கறி மேஜைக்கு வந்தது. இருபது பேர் சுற்றி நின்றார்கள். லின்வுட் வலது கையை வைத்தார், மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணினார், அலறினார், குதித்தார். சிரிப்பு வெடித்தது. மறுபடி எண்ணினார், மறுபடி குதித்தார். "வருஷா வருஷம் உசரம் கூடுது" என்றார் ஒருவர். பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டார் லின்வுட்.

தோள்பட்டை எலும்பு ஒரு துணுக்குக் கறிகூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அதைத் தூக்கிக் காட்டினார். மாநிலத்தின் மேற்கே இருக்கிறவர்கள் இதில் வினிகருக்குப் பதில் தக்காளிச் சாற்றை ஊற்றிக் கெடுப்பார்களே என்று யாரோ சொல்ல, "அவங்களுக்கு வினிகர் குடுத்தா கண்ணாடி துடைப்பாங்க" என்று இவர் பதில் சொல்ல, ஒரே கும்மாளம். வெர்லீன் வினிகரும் மிளகாயும் கலந்த பாட்டிலோடு பக்கத்தில் வந்தாள்.

"வழியில நிக்காத, அதை இங்க குடு" என்று எலும்பை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் கீழே போட்டாள். "ஸ்ஸ்... கொதிக்குது."

"அக்காவும் ஆட ஆரம்பிச்சிருச்சு" என்று ஆல்ட்டன் கத்தினார்.

வெர்லீன் சிரிக்கவில்லை. புல்லில் ஆவி பறக்கக் கிடந்த எலும்பைப் பார்த்தாள். அதை இவ்வளவு நேரம் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குழாயடியில் கையைப் பிடித்தாள்.

"எப்பத்துல இருந்து?"

"எது?"

"லின்வுட்."

"ஈஸ்டர்."

அவள் வாய்க்குள் மாதங்களை எண்ணினாள். "ஜூன் வரைக்கும் வண்டி ஓட்டியிருக்க."

"ஆமா."

"அப்ப இந்தக் குதியெல்லாம்?"

"நடிப்பு."

துணியைச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். அது கோபம் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. "உன் அண்ணனைப் புதைச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். அதுக்கு முன்னாடி வெளிய போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன். அவங்க பிள்ளைங்கள நம்பிக் குடுத்தது உங்கிட்ட."

"சாப்பிட்டு முடிக்கட்டுமே."

"சாப்பிட்டு முடிச்சா நீ சொல்லமாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா?"

லின்வுட் வெளியே வந்தார். கைக்கட்டைப் பார்த்ததுமே சிரிப்பு தொடங்கியது.

"இன்னைக்கு எனக்குச் சுடவே இல்ல" என்றார். "கத்துனது, குதிச்சது எல்லாம் பொய்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஆல்ட்டனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. கை செத்துப்போச்சு. ஈஸ்டர்ல இருந்து. இந்தக் கையோடதான் உங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனேன். ஒரு தடவ வண்டி ஓடுறப்பவே நழுவி மடியில விழுந்துச்சு, எனக்கே தெரியல. திங்கக்கிழமை வேற ஆளு வருவாங்க."

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவர் ஆல்ட்டன். சோளரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த ஜெனீவாவைத் திரும்பிப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"கையக் குடு."

லின்வுட் நீட்டினார். கட்டுக்கு வெளியே தெரிந்த சுட்டுவிரலை ஆல்ட்டன் பிடித்துக் கிள்ளினார். விளையாட்டுக் கிள்ளல் இல்லை. பலம் முழுவதையும் சேர்த்து, கண்ணை லின்வுட்டின் முகத்திலிருந்து எடுக்காமல் கிள்ளினார்.

"வலிக்குதுன்னு சொல்லு மச்சான்."

அது வலிக்க வேண்டும் என்று லின்வுட் மனதார விரும்பினார். நகம் தோலுக்குள் இறங்குவதைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது.