மாலைக்கு ஆர்டர் கொடுத்தவர்

தனக்குக் கல்யாணம் என்பதைப் பூக்காரி சொல்லித்தான் ஜானு தெரிந்துகொண்டாள். தப்பு முழுக்கக் கணவர் சுவாமிநாதனுடையது.

அறுபதாம் கல்யாணத்துக்கு வடபழனியில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, நாதஸ்வரம் வரைக்கும் பேசி முடித்தவர், மனைவியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மண்டபத்துக்காரரிடம் கார் நிறுத்த இடம் உண்டா என்று மூன்று தடவை கேட்டவர்தான்.

"இன்னா மாமி, கல்யாணப் பொண்ணு!" என்று மாட வீதியில் கெங்கம்மா கூவினாள். "மாமா ரெண்டு மாலை சொல்லிக்கினு போயிருக்காரு. உனுக்கு ரோசாவா, சம்பங்கியா?"

ஜானு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"கெங்கம்மா என்னைக் கேட்டா. நீங்க கேக்கலை."

"சரி, சம்பங்கின்னே சொல்லிடறேன்" என்றார் சுவாமிநாதன், பெருந்தன்மையாக.

"மாலையைச் சொல்லலை. கல்யாணத்தைச் சொன்னேன்."

"எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'னுதானே சொல்லுவே?"

உண்மைதான். டெல்லி மாற்றலா? உங்க இஷ்டம். வீணையைத் தங்கைக்குக் கொடுத்துடலாமா? உங்க இஷ்டம். முப்பத்தைந்து வருஷமாக அதைச் சம்மதம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டவர் அவர். ஜானு அந்தக் கல்யாணத்துக்கு நிற்காமல் ஒரு பெட்டியோடு பெசன்ட் நகரில் மகள் வர்ஷினி வீட்டுக்குப் போனாள். பிறகு பக்கத்திலேயே தனி வீடு பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். பென்ஷன் அவள் பெயரில் வருகிறது.

"நான் குடிச்சேனா, அடிச்சேனா?" என்று மகளிடம் புலம்பினார்.

"என் டைவர்ஸ் சமயத்துல நீங்க அம்மாகிட்டே என்ன சொன்னேள்? 'உன்னை மாதிரி அனுசரிச்சுப் போகத் தெரியலை அவளுக்கு'ன்னு. மிச்சத்தை அம்மாவையே கேளுங்கோப்பா."

நடைப்பயிற்சி நண்பர்களிடம் காரணம் கேட்டார். ஒருவர் செல்போன் என்றார், ஒருவர் சீரியல் என்றார், மூன்றாமவர் தன் மனைவி வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கூட்டினார்.

ஒரு வருஷம் கழித்து விவாகரத்து மனு வந்தது. பரஸ்பர சம்மதம். அதற்குப் பிறகும் ஆறு மாதம் அவகாசம் கொடுப்பார்கள், அதற்குள் மனசு மாறிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஆறு மாதத்தில் அவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். அவள் வீணையைத் தங்கையிடமிருந்து திரும்ப வாங்கினாள். ஸ்கூட்டர் ஓட்டவும் பழகினாள்.

குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் சின்னஞ்சிறுசுகள்தான் இருக்கும் என்று நினைத்தார். பக்கத்து பெஞ்சில் வழுக்கைத் தலை ஒன்று.

"உங்களுக்கு எத்தனை வருஷம் சார்?"

"முப்பத்தாறு ஆறது."

"எங்களுக்கு நாற்பத்திரண்டு" என்றது வழுக்கைத் தலை, சீனியாரிட்டி தோரணையில்.

உள்ளே நீதிபதி ஜானுவைப் பார்த்தார். "யாருடைய கட்டாயமும் இல்லாம, உங்க முழுச் சம்மதத்தோடதானே கேக்கறீங்க?"

கல்யாணப் பந்தலில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் வாத்தியார் குரலில் சொன்னாள்: "ஆமாம்!"

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். சுவாமிநாதனுக்கு ஏனோ கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

"நீங்க?" என்றார் நீதிபதி.

"அவ இஷ்டம்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது சார். சம்மதமா, இல்லையா?"

இரண்டே வார்த்தையில் முப்பத்தைந்து வருஷம் ஒருத்தி எப்படிக் காலம் தள்ளினாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சம்மதம்."

வெளியே வெயில். ஜானு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். முகம் புதுசாகப் பிரகாசமாக இருந்தது. அவர் வேகமாக நடந்துபோய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்.

"ஜானு, நிஜமாத்தான் கேக்கறேன். நான் அவ்வளவு மோசமா?"

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"மோசமெல்லாம் இல்லே. எனக்குத் தனியா இருக்கத்தான் பிடிச்சிருக்கு."