வெறும் நடைதான்

லிஃப்ட் கம்பெனியில் அவனை எல்லோரும் ‘லோடு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது ஃபோர்மன். எட்டுப் பேர் ஏறலாம் என்று லிஃப்டுக்குள் எழுதியிருந்தால், நம்ம லோடு ஏறினால் ஆறு பேர்தான் என்பார். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதை வைத்தே அடுத்த ஜோக் கிளம்பும் என்பதைப் பள்ளிக்கூட நாளிலேயே தெரிந்துகொண்டவன் அவன். வேலையில் கெட்டிக்காரன். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பிரேக் தேய்ந்திருக்கிறதா, கயிற்றில் எண்ணெய் வறண்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். நாற்பது வயதில் அவன் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ.

ஒரு மழைக்காலத்தில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. குழி ஆளுயரம் கூட இருக்காது. பக்கவாட்டு ஏணியில் இறங்கித் தண்ணீரை இறைத்து சுவிட்சை மாற்றினான். ஏறும்போது முழங்கால் மக்கர் பண்ணியது. இரண்டாம் படியில் கால் வைத்தால் வயிறு சுவரில் இடித்து அவனைப் பின்னால் தள்ளியது. அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஃபோர்மனுக்குப் போன் பண்ணினான். நாலு பேர் வந்து அக்குளுக்குக் கீழே பெல்ட்டைக் கொடுத்து இழுத்தார்கள். சட்டை மேலேறி, வயிற்றுத் தோல் சிமெண்ட் விளிம்பில் உரசி உரிந்தது. அந்தக் கட்டடத்துக்காரர்கள் கைப்பையும் குழந்தையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அன்றைக்கு மட்டும் யாரும் ஜோக் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே இருந்தன. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் பற்றி டாக்டர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை அவனே தேதி கேட்டான். மனைவிக்கு மட்டும் தெரியும். கம்பெனியில் ஹெர்னியா என்று சொல்லி ஆறு வாரம் லீவு போட்டான். கத்தி வைத்து இளைத்தவன் என்று யாரும் வாய்க்கு வந்தபடி பேசிவிடக்கூடாது என்று நினைத்தான். நினைத்தது அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் நீராகாரம். பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு மசித்த பருப்பு, பிறகு முட்டை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தர அந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக ஒரு மேடம் இருந்தார். சின்ன ஸ்பூனில் சாப்பிட வேண்டும், கூழாகும் வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் கூடாது, பருப்பும் முட்டையும் முதலில், சோறு கடைசியில், தினமும் மாத்திரை, தினமும் நடை. அவன் மந்திரம் மாதிரி எல்லாவற்றையும் கடைப்பிடித்தான். பதினாலு மாதத்தில் எண்பத்தொன்பது கிலோவுக்கு வந்தான். சர்க்கரை மாத்திரை நின்றது. கால் மேல் கால் போட்டு உட்கார முடிந்தது. முதல் தடவை அப்படி உட்கார்ந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

கம்பெனியில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எப்படி எப்படி என்று துளைத்தார்கள். டீ குடிக்கும் இடத்தில் ஃபோர்மன் கேட்டபோது, “வெறும் நடைதான். கொஞ்சம் வாயைக் கட்டினேன்” என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் நாக்கு கூசவில்லை. அடுத்தவர் கேட்டபோதும் அதையே சொன்னான். பத்தாவது தடவை சொல்லும்போது அவனுக்கே அது நடந்த மாதிரி இருந்தது. வருடாந்திரக் கூட்டத்தில் மேனேஜர் அவனை மேடைக்குக் கூப்பிட்டு, மன உறுதிக்கு இவரைப் பாருங்கள் என்றார். அவனும் பத்து நிமிடம் பேசினான். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் போன் அக்கா மட்டும் தட்டாமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

போன் அக்கா புகார்களை வாங்குகிறவள். லிஃப்ட் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசர மணியை அழுத்தினால் லைன் அவளிடம்தான் வரும். மூச்சு முட்டாதுங்க, மேல காத்து வர வழி இருக்கு, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க என்று அவள் பேசப் பேச, எதிர்முனையில் அழுகிறவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். ஒன்பது மணி நேரம் ஒரே நாற்காலி. கை வைத்த நாற்காலி அவளுடைய கனத்த உடம்புக்குப் பொருந்தாது என்று கைகளைக் கழற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து அக்கா அவன் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட ஆரம்பித்தாள். அவன் டப்பாவை எட்டிப் பார்த்து, அதே அரைக் கிண்ணம் பருப்பு, அதே ஒரு முட்டை, அதே மூன்று துண்டு காய் என்று அவளும் கொண்டுவந்தாள். வாழைப்பழ அளவு இரைப்பைக்கு அது போதும். அக்காவுடையதோ முழு வயிறு. திங்கள்கிழமைதோறும் அவனிடம் வந்து எடையைச் சொல்வாள். முதலில் நாலு கிலோ குறைந்தது. பிறகு நின்றது. பிறகு குறைந்ததெல்லாம் திரும்பி வந்தது. எங்கே தப்பு என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் நடங்க அக்கா என்று அவன் சொல்வான். சொல்லிவிட்டு, வேலை இருப்பதுபோல் ஸ்பானரை எடுத்துத் துடைப்பான்.

“உங்களுக்கு இருக்கிற உறுதி எனக்கு இல்ல தம்பி. நான் பிறந்ததே அப்படி” என்றாள் ஒரு திங்கட்கிழமை. அவன் இல்லையென்று சொல்லவில்லை. ஆமாமென்றும் சொல்லவில்லை.

இதற்குள் அவன் கதையே வேறு தடத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வருடத்தில் பசி மெல்லத் தலைகாட்டியது. சோறு இறங்காது, இறைச்சி அடைக்கும். ஆனால் டீயில் நனைத்த பிஸ்கட் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பாக்கெட் முழுதும் போனது. மழை என்று நடையை நிறுத்தினான், மழை நின்ற பிறகும் தொடங்கவில்லை. மாத்திரை தீர்ந்தது, வாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், அது அடித்து ஓயும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில் இருக்கும். படியேறிப் போய்க்கொண்டிருந்தவன், ஓட்டத்தைச் சோதிக்கிறேன் என்று லிஃப்டிலேயே மேலே போகத் தொடங்கினான். டூல் பையில் டெஸ்டருக்கு அடியில் பிஸ்கட் இருந்தது. கம்பெனி வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, திருடன் மாதிரி தின்றான். எடை நூற்று மூன்றைத் தொட்டது. யூனிஃபார்ம் சலவையில் சுருங்கிவிட்டது என்றான். மனைவி பட்டனைத் தள்ளித் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சாவிகளைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸுக்குப் போனபோது, போன் அக்கா மேஜைக்குக் கீழே விழுந்து கிடந்தாள். ரிசீவர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஹலோ ஹலோ என்றது. ஃபோர்மன் ஓடிவந்து அக்கா முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவன் ரிசீவரை எடுத்து, அக்கா சொல்கிற வார்த்தைகளையே சொல்ல முயன்றான். மூச்சு முட்டாதுங்க என்றான். குரல் நடுங்கியது. அந்தப் பெண் இன்னும் பயந்துபோனாள்.

பக்கத்து கிளினிக்கில் அக்காவுக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவன் கட்டில் ஓரத்தில் நின்றான். இரண்டு வாரமாக அவன் சாப்பிடுகிற அளவிலும் பாதிதான் சாப்பிட்டேன் என்றாள். காலையில் வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் நடை. டாக்டரைப் பார்த்தீர்களா என்று அவன் கேட்டான்.

“எதுக்கு தம்பி? நீங்க டாக்டரைப் பாத்தா இளைச்சீங்க?”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தான். ஃபோர்மன் பழச்சாறு பாட்டிலோடு உள்ளே வந்தார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஃபோர்மன் வராமலிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான் என்பது வேன் கதவைத் திறக்கும்போதே அவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அவங்க எனக்கு ரெண்டு மூணு தடவை போன் பண்ணியிருக்காங்க. பருப்பு எவ்வளவு போடுவீங்கன்னு கேட்டாங்க. எவ்வளவுன்னு சொன்னேன். ஏன் அவ்வளவுதான்னு சொல்லல. உங்க மானத்தைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன்.” மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: “பிஸ்கட் கவரெல்லாம் நான்தாங்க உங்க பையிலேருந்து எடுத்துப் போடுறேன்.”

அவன் தலை தொங்கிப்போயிற்று. ஒருத்தியிடம் பொய் சொன்னது போக, இன்னொருத்தியையும் அதைச் சுமக்க வைத்திருக்கிறான்.

மறுநாள் காலையில் அக்காவின் வீட்டுக்குப் போனான். அவள் தனியாகத்தான் இருந்தாள். முன்னறையில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவன் கூட்டத்தில் பேசியதை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தாள். அதைப் பார்த்த பிறகு உட்காரவும் முடியவில்லை. நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். ஹெர்னியா இல்லை, ஆபரேஷன், இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள், அவள் சாப்பிட்டது அவனுக்கான அளவு, அதுவும் இப்போது அவனிடமே பலிக்கவில்லை, பதினாலு கிலோ ஏறிவிட்டது.

அக்கா நம்பவில்லையோ என்னவோ, வெறுமனே பார்த்தாள். அவன் சட்டையை விலக்கி ஐந்து தழும்புகளையும் காட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுல ஒரு வெட்கமும் இல்ல தம்பி. முடியாதவங்க பண்ணிக்கத்தான் வேணும்” என்றாள். குரல் உயரவேயில்லை. “ஆனா நான் திங்கட்கிழமை திங்கட்கிழமை உங்க முன்னாடி வந்து நின்னேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“ஆமாக்கா.”

“ஒன்றரை வருஷமா என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். சோம்பேறி, தின்னி, உருப்படாதவள்னு. அந்தக் கோபத்தையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

மன்னிச்சிடுங்க என்றான். அவள் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவன் வெளியே வந்தான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போனான். போகாமல் விட்டால் இனி எப்போதும் போக மாட்டோம் என்று பயமாக இருந்தது. உணவு ஆலோசகர் அவன் கார்டைத் தேடி எடுத்தார். கடைசி வருகைக்குப் பிறகு பதினோரு மாதம் காலி. எடை மெஷினில் ஏறச் சொன்னபோது ஷூ, பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்தான். நூற்று மூன்றரை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் எழுதிக்கொண்டே, இரண்டாம் வருடத்தில் வராமல் போகிறவர்கள் நிறைய, வெட்கப்பட்டுக்கொண்டுதான் வருவதில்லை என்றார். பிஸ்கட்டை எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வேனில் என்றான். அவ்வளவு நாளில் இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

“அப்ப முதல்ல அதைத்தான் மாத்தணும் சார். எதைச் சாப்பிட்டாலும் தட்டுல வச்சு, உக்காந்து, நாலு பேர் பாக்கிற இடத்துல சாப்பிடுங்க. முதல் வருஷம் ஆபரேஷன் உங்களுக்கு வேலை செஞ்சுது. இனிமே வேலை உங்களோடது.”

ஒரே நாளில் எல்லாவற்றையும் சரி பண்ண வேண்டாம் என்றார். இந்த வாரம் தட்டு, அடுத்த வாரம் மாத்திரை. மாத்திரை டப்பாவைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நடைக்குத் தனியாக நேரம் கிடைக்காவிட்டால், மோட்டார் அறைக்குப் படியில் ஏறுங்கள், அது எப்படியும் போக வேண்டிய இடம்தானே என்றார்.

கம்பெனியில் சொன்னது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. டீ நேரத்தில் ஆறேழு பேர் இருக்கும்போது எழுந்து நின்று, ஆபரேஷனிலிருந்து சாப்பாட்டு மேடம் வரை எல்லாவற்றையும் சொன்னான். அப்போ ஹெர்னியா என்று ஃபோர்மன் இழுத்தார். இல்லை என்றான். ஒருத்தன் சிரித்துவிட்டான். மேடையேறிப் பொய் சொல்லிக் கைதட்டல் வாங்கினவன் என்று இன்னொருத்தன் காதுபடவே சொன்னான். உள்ளதைத்தான் சொன்னான். கூட்ட மேடையில் எடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருந்த அவன் போட்டோவை மறுவாரம் யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நாலு பின் மட்டும் இருந்தன. போகும்போதும் வரும்போதும் அவன் கண் அங்கேதான் போயிற்று.

அக்கா பத்து நாளில் வேலைக்கு வந்தாள். அவனிடம் கட்டடத்தின் பெயர், மாடி எண், என்ன கோளாறு, இவ்வளவுதான் பேசினாள். டாக்டர் சோதனை பண்ணியதில் அவளுக்குத் தைராய்டு கோளாறு இருப்பது தெரிந்தது, எத்தனை வருடமாகவோ இருந்திருக்கிறது. இதை ஃபோர்மன் சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அப்போதே டாக்டரிடம் போயிருப்பாள். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்தவனுக்குச் சாப்பிடவே தோன்றவில்லை. இருந்தாலும் தட்டில் எடுத்து வைத்து, முட்டையை முதலில் தின்றான்.

மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. பதினோரு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி வரை நிற்காமல் ஏற முடிந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நடுவில் இரண்டு தடவை பிஸ்கட் வாங்கினான். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி எதிரில் தட்டில் வைத்துத் தின்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை புகார்ச் சீட்டை வாங்கிக்கொண்டு அவன் திரும்பியபோது, அக்கா கூப்பிட்டாள். நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

“அந்தச் சாப்பாட்டு மேடம் நம்பர் குடுங்க” என்றாள், தலை நிமிராமல்.

சொன்னான். எழுதிக்கொண்டாள். ஒரு தடவை படித்துக் காட்டிச் சரிபார்த்தாள்.

“நீங்க எந்தக் கிழமை போவீங்க?”

“வியாழக்கிழமைக்கா.”

“அப்ப நான் புதன்கிழமை போய்க்கிறேன்” என்றாள்.

சரிக்கா என்றான். போன் அடித்தது. அவள் எடுத்து, யாருக்கோ பொறுமையாகச் சொல்லத் தொடங்கினாள், மூச்சு முட்டாதுங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க என்று. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனை நோக்கி வேகமாக நடந்தான்.